வண்டி நிற்க வேண்டிய வாசல்

புரட்டாசி பிறப்பதற்குள் மகள் முகத்தைப் பார்த்தே தீருவது என்று பொன்ராஜ் சபதம் செய்தார். சபதத்தைக் குளிக்கிற இடத்தில் வைத்துச் செய்தார். தலையில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் அது மனைவி காதுக்குப் போகாது என்று ஒரு நம்பிக்கை.

"தண்ணிகிட்ட என்ன பேச்சு?" என்று அடுப்படியிலிருந்து இசக்கியம்மாளின் குரல் வந்தது.

"சுலோகம் சொல்லுதேன்."

"தமிழ்லயா?"

"முருகனுக்குத் தமிழ் தெரியும்ளா."

மகள் சரோஜாதேவியைத் தூரத்தில் ஒன்றும் கொடுத்துவிடவில்லை. மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம் பொன்ராஜின் வீடு. சம்பந்தி வீடு கோபாலபுரத்தில். வெற்றிலை போட்டுக்கொண்டு புறப்பட்டால் வாய் சிவப்பதற்குள் போய்விடலாம். அதுதான் கொடுமை. தூத்துக்குடியில் கொடுத்திருந்தால் ரயிலைக் காரணம் சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளலாம். கோபாலபுரத்துக்கு எதைச் சொல்வது?

வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. பெண் கொடுத்த வீட்டு வாசலை அழைப்பில்லாமல் தகப்பன் மிதிக்கக் கூடாது. அழைத்தால் சீர்த்தட்டோடு போகலாம். தட்டும் இல்லாமல் காரணமும் இல்லாமல், 'சும்மா பார்க்க வந்தேன்' என்று போய் நின்றால், இங்கே இவளுக்கு என்ன குறை என்று வேவு பார்க்க வந்தாரோ என்று ஆகும். பழிப்பேச்சு அவருக்கு வராது. மகளுக்கு வரும். சென்னைக்கு வந்து துணிக்கடை வைத்துத் தலை நரைத்தும், திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம் மட்டும் அவர்களோடு மூட்டை முடிச்சாகக் கூடவே வந்திருந்தது.

ஆடிக்கு வந்திருந்தாள் சரோஜா. ஆவணி பிறந்ததும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு ரிக்‌ஷாவுக்குப் பின்னாலேயே பொன்ராஜ் லஸ் முனை வரைக்கும் நடந்தார். அழவில்லை. கண்ணில் தூசி. லஸ்ஸில் அன்று தூசியே இல்லை என்று ரிக்‌ஷாக்காரன் பிற்பாடு சொன்னான்.

இனிமேல் தலைதீபாவளிக்குத்தான். அதுவரைக்கும் அவர் தியாகராய நகர்க் கடையிலிருந்து சாயந்தரம் வரும்போது, பழக்கதோஷத்தில், மனைவிக்கு ஒன்று மகளுக்கு ஒன்று என்று இரண்டு பூப்பந்து வாங்கிக்கொண்டு வருவார். இசக்கியம்மாள் இரண்டையும் தானே தலையில் வைத்துக்கொள்வாள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு மட்டும் ஆண்டவன் கூடுதலாக ஒரு நெஞ்சு வைத்துப் படைத்திருக்கலாம். ஒன்று கொடுத்து அனுப்புவதற்கு, இன்னொன்று வைத்துக்கொள்வதற்கு.

ஒருநாள் இசக்கியம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"கோபாலபுரம் போகணும்னு இருக்குதாக்கும்?"

"எனக்கென்ன. நான் சொன்னனா?"

"நாம போயி நிக்கக் கூடாது. அது வழக்கமில்ல. வண்டி கிண்டி வழியில நின்னுபோச்சுன்னா அது வேற."

"என்ன வண்டி?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நம்மகிட்ட ஏது வண்டி?" என்று முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நாலைந்து நாள் கழித்து, கடையில் ஒரு அம்மாளுக்குச் சேலை மடித்துக்கொண்டிருந்தபோது, பொன்ராஜுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. தகப்பன் போய் நின்றால்தானே தப்பு? வண்டி போய் நின்றால்? வாசலில் வண்டி பழுதாகி நிற்கிற மனிதனை உள்ளே வாங்க என்று சொல்லாத வீடு உண்டா? தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது. அந்த அம்மாளுக்கு ஒரு ரவிக்கைத் துண்டு இனாமாகக் கிடைத்தது.

வண்டியைப் பிடித்துக் கொடுத்தவர் அக்பர் பாஷா. சாந்தோம் போகிற வழியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரை விட்டுப்போன ஆட்டோ சைக்கிள் அவரிடம் மூலையில் கிடந்தது. கனமான சைக்கிள், வயிற்றுக்குக் கீழே ஒரு குட்டி எஞ்சின். மிதித்து வேகம் எடுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். குடித்த எண்ணெயை எல்லாம் பின்னால் நீலப்புகையாக விடும்.

இசக்கியம்மாள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"சைக்கிளா, மோட்டாரா?"

"ரெண்டும்."

"அப்ப ரெண்டும் இல்ல. சரி. பெட்ரோலே ரேஷன்ல கிடக்கு. கடைக்கு பஸ்ல போனவுகளுக்கு இது என்னத்துக்கு?"

"காலம் மாறிப்போச்சு. வியாபாரிக்கு வண்டி வேணும்."

"வேணும் வேணும்" என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். "மெதுவாப் போங்க. எங்கயும் நின்னுறாம."

பொன்ராஜ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பாவம், இவளுக்கு என்ன தெரியும்.

வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு 'கெட்டுப்போச்சு' என்று சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். மற்றவர்களுக்குப் போதும். பொன்ராஜுக்குப் பொய் வராது. சாயம் போகும் சேலையைப் போகாது என்று சொல்லவேண்டிவந்தால் அவருக்குக் காது மடல் சிவந்துவிடும். வண்டி நிஜமாகவே நிற்க வேண்டும். அதுவும் சம்பந்தி வாசலில் நிற்க வேண்டும்.

வழியை அக்பர் பாஷாதான் தெரியாமல் காட்டிக் கொடுத்தார். தொட்டியிலிருந்து பெட்ரோல் ஒரு சின்னக் குழாய் வழியாக இறங்கி, கார்பரேட்டருக்கு அடியில் இருக்கிற கிண்ணத்தில் நிரம்பும். அங்கேயிருந்து காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போகும். குழாயில் இருக்கிற அடைப்பானை, அதாவது டாப்பை, மூடினாலும், கிண்ணத்தில் இருப்பது தீருகிற வரைக்கும் வண்டி ஓடும். பிறகு நிற்கும். சத்தியமாக நிற்கும். டாப்பை மூடியது யார் என்று யாராவது கேட்டால்தானே பொய் சொல்ல வேண்டும்? கதீட்ரல் ரோட்டிலிருந்து கோபாலபுரத்துக்குத் திரும்புகிற முனையில் டாப்பை மூட வேண்டும். வாசலுக்கு வரும்போது கிண்ணம் காலியாக வேண்டும். கார்பரேட்டரில் ஒரு திருகு இருந்தது. இப்படித் திருகினால் எஞ்சின் பெட்ரோலைக் கடகடவென்று குடிக்கும். அப்படித் திருகினால் காற்றைக் குடித்து உயிர் வாழும்.

உலகத்தில் எல்லாரும் வண்டி ஓடுவதற்காகக் கார்பரேட்டரைத் திருகுவார்கள். பொன்ராஜ் நிற்பதற்காகத் திருகினார்.

"இன்னா நைனா சொல்றே நீ?" என்றார் அக்பர் பாஷா. "ஜோரா ஓடிக்கினு கீற வண்டிய நிக்க வெக்கணுமா?"

"ஆமா. சரியான எடத்துல."

"பிரேக்கு கீதே, புடியேன்."

"பிரேக் போட்டா அது நிறுத்துனது. எனக்கு அதுவா நிக்கணும்."

அக்பர் பாஷா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்ல சுத்தாத நைனா. வூட்டுக்குப் போய் மோரு குடி."

முதல் ஒத்திகை கடற்கரைப் பக்கம் நடந்தது. வண்டி பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவர்கள் நடுவில் போய் நின்றது. அந்தப் பெண்கள் நடுவில் நின்றவன் மீன் வாங்காமல் நகர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. மறுநாள் திருகைக் கொஞ்சம் மாற்றினார். அதே இடத்தில் நின்றது. அதற்கு மறுநாளும்.

"வவ்வால் மீன், சங்கரா மீன், இப்ப நெத்திலியா?" என்றாள் இசக்கியம்மாள். "வண்டி வாங்குனீகளா, வலை வாங்குனீகளா?"

"கார்பரேட்டரை டியூன் பண்ணுதேன்."

"அது மீன் குழம்பு வாசத்துலதான் டியூன் ஆகுமோ?"

பிறகு கோபாலபுரத்துக்கே போய்ப் பார்த்தார். ஒருநாள் ஒரு டாக்டர் வீட்டு வாசலில் நின்றது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிவிட்டார். ஒருநாள் நிற்கவே இல்லை. சம்பந்தி வீட்டு வாசலைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. தாண்டுகிற நேரத்தில் மாடியில் ஒரு ஜன்னல் திறந்திருந்ததைப் பார்த்தார். உள்ளே யார் என்று தெரியவில்லை. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. எந்த ஜன்னலாக இருந்தால் என்ன, திறந்திருந்ததே என்று கொஞ்சம் ஆறுதல்.

இசக்கியம்மாள் பஞ்சாங்கம் பார்த்தாள். "டியூன் பண்ணுததா இருந்தா செவ்வாய்க்கிழமை பண்ணுங்க. முருகனுக்கு உகந்த நாள். காலையில போங்க. ஆனா ஒண்ணு. மூணு மணிக்கு ராகு காலம். அந்த நேரத்துல எங்க இருக்கீகளோ அங்கனயே இருந்துட்டு, நாலரைக்கு மேல வீட்டுக்கு வாங்க."

"மத்தியானம் வரைக்குமா டியூன் பண்ணுவேன்?"

"மிஷின் சமாசாரம். யாரு கண்டா."

செவ்வாய்க்கிழமை. முனை திரும்பும்போது டாப்பை மூடினார். வண்டி டபடபவென்று வந்தது. டாக்டர் வீட்டைத் தாண்டியது. இருமியது. சம்பந்தி வீட்டுக் கேட்டுக்கு நேரே வந்து, ஒரு பெருமூச்சு விட்டு, நின்றது. முருகா என்றார் பொன்ராஜ். அழைப்பு மணி அடிக்கத் தேவையிருக்கவில்லை. சத்தம் கேட்டு சம்பந்தி சுடலைமுத்துவே வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்.

சுடலைமுத்து ரங்கூன் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல் போய்விட்டது. கை மட்டும் நிற்கவில்லை.

"வாங்க சம்பந்தி, வாங்க. நின்னுட்டுதா? எப்படி நின்னுது? பட்டுன்னு நின்னுதா, இருமிக்கிட்டு நின்னுதா?"

"இருமிக்கிட்டு."

"அப்ப கார்பரேட்டர்தான்" என்றார் சுடலைமுத்து. பேரக்குழந்தை பிறந்த சேதி கேட்டவர் மாதிரி அவர் முகம் இருந்தது. "நீங்க உள்ள வந்து உக்காருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

வேண்டாம் வேண்டாம் என்று பொன்ராஜ் சொன்னது எடுபடவில்லை. கூடத்தில் செய்தித்தாளை விரித்து, கார்பரேட்டரைக் கழற்றி, திருகு வேறு ஊசி வேறு கிண்ணம் வேறாக அடுக்கிவிட்டார். நல்ல கார்பரேட்டர். நல்லதாக இருக்கிற ஒன்றில் பழுதைத் தேடினால் தேடிக்கொண்டே இருக்கலாம்.

சம்பந்தியம்மாள் கோமளம் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"சரோஜா..." என்றார் பொன்ராஜ்.

"தலைக்கு எண்ணெய் வச்சுக் குளிக்கா அண்ணே. செவ்வாய்க்கிழமைல்லா."

"குளிக்கட்டும், குளிக்கட்டும்."

குளித்துவிட்டு வருவாள் என்று உட்கார்ந்திருந்தார். சுடலைமுத்து பர்மாவுக்குப் போய், பினாங்குக்குப் போய், புயலில் மாட்டிக்கொண்டு, கொதிகலனைப் பிரித்துப் பூட்டி, திரும்பித் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். சரோஜா குளித்து வரவில்லை. உள்ளே வளையல் சத்தம் கேட்டபோதெல்லாம் பொன்ராஜ் நிமிர்ந்தார். கோமளத்தின் வளையல்.

பின்கட்டுக் கொடியில் ஒரு சேலை காய்ந்துகொண்டிருப்பது கூடத்திலிருந்து தெரிந்தது. மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. அவர் கடைச் சரக்குதான். கலியாணத்துக்கு அவரே எடுத்துக் கொடுத்தது. சேலை காயப் போட்டிருக்கிற விதத்தை வைத்தே ஒரு வீட்டைச் சொல்லிவிடுவார் பொன்ராஜ். நன்றாக உதறிப் போட்டிருந்தாள். கரை சுருங்காமல் இழுத்துவிட்டிருந்தாள். வெயில் நேரே படாமல் உள்பக்கத்தை வெளியே திருப்பியிருந்தாள். அவர் சொல்லிக் கொடுத்தது. தகப்பன் சொன்னதை மறக்காதவள் நிம்மதியாகத்தான் இருப்பாள் என்று நினைத்தார். காற்றில் முந்தானை கொஞ்சம் ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டே நாலரை வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த செவ்வாயும் வண்டி நின்றது. "ஒரு தலைவலி, படுத்திருக்கா அண்ணே." கொடியில் மாம்பழ நிறச் சேலை. அதற்கடுத்த செவ்வாய், "பக்கத்து வீட்டுல கொலுவுக்குக் கோலம் படிக்கப் போயிருக்கா." கொடியில் மறுபடியும் மயில்கழுத்து. பொன்ராஜ் மகளைப் பார்க்கவில்லை. மகளுடைய சேலைகளைப் பார்த்தார். வீட்டுக்கு வந்தால் இசக்கியம்மாள் முகம் மட்டும் என்னவோ தீபாவளி மாதிரி இருந்தது. வீடெல்லாம் சாம்பிராணி மணத்தது.

"என்ன சாம்பிராணி?"

"செவ்வாய்க்கிழமைல்லா."

இப்படிப் போய்க்கொண்டிருந்த காரியத்துக்கு வினை கார்பரேட்டர் வழியாகவே வந்தது. புரட்டாசி பாதி தாண்டிய ஒரு செவ்வாயன்று, வண்டி நின்ற கொஞ்ச நேரத்துக்குள்ளேயே சுடலைமுத்து எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுது சம்பந்தி. ஊசி ஒரு படி மேல நின்னுது, அதான் சங்கதி. இனிமே இந்த வண்டி நிக்கவே நிக்காது. நான் பொறுப்பு." சொல்லிவிட்டு அவரே ஒரு வட்டம் ஓட்டியும் காட்டினார். வண்டி பூனை மாதிரி வந்தது.

பழுது இல்லாத வண்டிக்காரன் எந்த முகத்தோடு கூடத்தில் உட்காருவான்? பொன்ராஜ் எழுந்தார். கோமளம் பதறிப்போய் வந்தாள்.

"எங்க கிளம்பிட்டீக? காப்பி போடுதேன் அண்ணே."

"இப்பத்தான மோர் குடிச்சேன்."

"சாப்பிட்டுட்டுப் போங்க. ராகு காலம்."

"அதுக்கு இன்னும் நேரம் கிடக்கு தங்கச்சி."

"எமகண்டம் இருக்குல்லா?" என்றாள் கோமளம். வாசல் வரைக்கும் வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு பிரியமான சம்பந்தியம்மாளா என்று பொன்ராஜ் நெகிழ்ந்து போனார். இருந்தாலும் கிளம்பிவிட்டார். கடைக்குப் போக மனசில்லை. வீட்டுக்குத் திருப்பினார். சுடலைமுத்துவின் கைராசி, சத்தமே இல்லாமல் வந்து வாசலில் நின்றது வண்டி.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒன்று இசக்கியம்மாளுடையது. இன்னொன்றைக் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார்.

முற்றத்தில் சாம்பிராணிப் புகைக்கு நடுவில், ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, தாய் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள் சரோஜாதேவி. மாம்பழ நிறச் சேலை.

"யப்பா" என்று எழுந்து ஓடி வந்தாள். "மெலிஞ்சு போயிட்டீகளே."

என்னென்னவோ கேட்க வேண்டும் என்று இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்தார். முந்தானையைத் தொட்டுப் பார்த்தார்.

"சாயம் போகுதாம்மா?"

"இல்லப்பா."

"நல்லது" என்றார். கண்ணில் தூசி.

இசக்கியம்மாள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "நீங்க இங்க வந்துட்டீகளே, அங்க யாரு இருக்கா?"

"எங்க?"

"கோபாலபுரத்துல. சம்பந்தி பக்கத்துல யாரு இருக்கா?"

பொன்ராஜுக்கு விளங்கவில்லை. சரோஜாதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மாமா சும்மா இருந்தா வீட்டுல ஒரு சாமானை முழுசா விடமாட்டாகப்பா. கடிகாரத்தைப் பிரிச்சாக. தையல் மிஷினைப் பிரிச்சாக. நான் பக்கத்துல உக்காந்து ஏதாவது கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் கப்பல் கதையோட நிக்கும். அதான் அத்தை என்னைய எங்கயும் அனுப்ப முடியாதுன்னுட்டாக."

"மதினி நல்லவுக" என்றாள் இசக்கியம்மாள். "கோயில்ல பாத்தப்ப நானே கேட்டேன். செவ்வாய்க்கிழமை ஒரு நாள் பிள்ளைய அனுப்புங்க, எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி விடுதேன்னு. அவரை யாரு பாத்துக்கிடுததுன்னாக. அதுக்கு ஆளும் மிஷினும் சேர்த்து அனுப்புதேன்னு சொன்னேன்."

பொன்ராஜ் அப்படியே தூணில் சாய்ந்தார். "அப்ப அந்த யோசனை..."

"உங்க யோசனைதான். நான் ஒரு பேச்சுக்குத்தான சொன்னேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ளா?"

"சொல்லியிருந்தா உங்க காது சிவந்திருக்கும். தன்னைப் பாத்துக்கிட ஆள் போட்டிருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சா மானம் போகாதா? இப்ப அவரு என்ன நினைக்காரு? சம்பந்திக்கு நான் இல்லாம முடியலன்னு நினைக்காரு. நல்லா இருக்கட்டும்."

அதைக் கேட்டுப் பொன்ராஜுக்குக் கோபம்கூட வரவில்லை. மகள் பக்கத்தில் நிற்கும்போது கோபத்துக்கு எங்கே இடம்? உட்காருவதற்குத் திண்டை இழுத்துப் போட்டார்.

"உக்காராதீக" என்றாள் இசக்கியம்மாள். "அவரு கையில வேலை இருக்குத வரைக்கும்தான் பிள்ளை இங்க இருக்கலாம். வேலை முடிஞ்சுதுன்னா மதினி ஆளனுப்பிருவாக. அப்புறம் அடுத்த செவ்வாயும் கிடையாது."

"நான் என்ன செய்ய? வண்டியை நல்லாக்கிட்டாரே. இனிமே நிக்காதுங்காரு."

"போற வழியில கொஞ்சம் கெடுத்துக்கிட்டுப் போங்க. திருகுதது உங்களுக்குத் தெரியாததா?"

சரோஜா அவரைப் பார்த்தாள். இருக்கச் சொல்கிற கண்ணா, போகச் சொல்கிற கண்ணா என்று அவருக்குத் தெரியவில்லை. தலை இன்னும் காயவில்லை. சடை பின்னிப் பூ வைக்க வேண்டும். ஒரு வாய் சோறு தாய் கையால் தின்ன வேண்டும். இருந்தால் இப்போதே முடிந்துவிடும். போனால் நாலரை வரைக்கும் இருப்பாள். அவர் கண் முன்னால் இருக்கமாட்டாள், அவ்வளவுதான்.

வாசலுக்குப் போனார். வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கார்பரேட்டர் திருகை இந்தப் பக்கம் திருகினார், அந்தப் பக்கம் திருகினார். முற்றத்தில் மகள் ஏதோ சொல்ல, தாய் சிரிப்பது கேட்டது. இன்னும் கொஞ்சம் திருகினார். மெதுவாகவே திருகினார். பிறகு ஏறி உட்கார்ந்து தெருமுனை வரைக்கும் மிதித்துப் பார்த்தார். எஞ்சின் மூச்சுக்கூட விடவில்லை. முகமெல்லாம் மலர்ந்து போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஏளா இசக்கி, வண்டி கிளம்ப மாட்டேங்கு."

மகளுக்குச் சடை பின்னுவதிலிருந்து இசக்கியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதான் பெடல் இருக்குல்லா. மிதிச்சுக்கிட்டே போங்க."